திருப்பிப் பாட இடம் உண்டா?

பஜனையில் திவ்யநாமம் என்ற பகுதியின்போது பாடும் கோஷ்டி குத்துவிளக்கைச் சுற்றி வரும். பாகவதர் ஓரடி எடுத்துக்கொடுப்பார்; நாம் வாங்கித் திருப்பிப் பாடுவோம். அவர் குரல் முடியும் இடத்தில் ஜால்ராக்காரர் இரண்டு தட்டையும் உள்ளங்கையில் பொத்தி ஓசையை அடக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த அரைக்கணம் நமக்காக விட்ட இடம். மும்பை மாட்டுங்காவில் நான் பஜனை கற்றது அந்த அரைக்கணத்தில்தான்.

இந்தப் பஜனை மரபில் போதேந்திரரும் திருவிசநல்லூர் ஐயாவாளும் நாம மகிமையை நிலைநாட்டினார்கள். தோடயமங்களம், குரு தியானம், அஷ்டபதி, தரங்கம் என்று வரிசை கட்டித் தந்தவர் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். அதைச் செப்பனிட்டு ஊரூராகப் பரப்பியவர் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர். மராட்டிய மண் நமக்கு அபங்கம் என்ற பக்திப் பாடலைக் கொடுத்தது. பம்பாயில் வளர்ந்த அருணா சாயிராம் அதைச் சென்னைக் கச்சேரி மேடையிலேயே உட்காரவைத்தார். தாராவிக்கு வந்த நெல்லைக்காரர்களின் வில்லுப்பாட்டிலும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடாமல் கதை நகராது.

இப்போது இந்தப் பாடல்கள் ராக் இசைக்கும் வந்துவிட்டன. மும்பையின் ‘அபங் ரீபோஸ்ட்’ குழு துக்காராமையும் ஞானேஸ்வரையும் கிடார், டிரம்ஸோடு பாடுகிறது. பெங்களூர் ‘அகம்’ குழு கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டது. உழைப்பு அபாரம், ஆனாலும் அது நாம் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி வழி. என் மனம் போவது டெல்லி ‘இந்தியன் ஓஷன்’ 2000இல் வெளியிட்ட ‘கந்தீசா’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பாடும் சிரியாக் துதி அது. கிடார் நிதானமாகத் தொடங்குகிறது. துதி திரும்பத் திரும்ப வந்து ஏறுகிறது. ஒரு சொல்லும் புரியாத நானே மூன்றாம் தடவை கூடப் பாடிவிட்டேன்.

ராக்கில் ஓசை அதிகம் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கோஷ்டி முழுக்க நாமாவளியின் உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், காது அடைத்துப்போகும். நாம் பார்க்க வேண்டியது, கோஷ்டி பாடவேண்டிய இடத்தைக் கிடார் தானே வாசித்து நிரப்பிவிடுகிறதா என்பதை.

போன மாதம் செம்பூரில் என் அண்ணாவின் பிள்ளை எலெக்ட்ரிக் கிடாரில் விட்டல நாமாவளி ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தான். ஓரடி வாசித்தான்; தந்திகளைக் கையால் பொத்தி நிறுத்தினான். அடுக்களையில் தோசை திருப்பிக்கொண்டிருந்த அம்மா, யாரும் கேட்காமலே, அடுத்த அடியைப் பாடினாள்.