சிறு சுக்கானின் பெருஞ்செல்வாக்கு

உள்ளரங்க மாதிரி விமானப் பந்தயங்களுள் தலையாயதான எஃப்1டி பிரிவின் விதிகளை நோக்குவோர்க்கு, இப்போட்டி காற்றோடு நிகழ்வதா தராசோடு நிகழ்வதா என்ற ஐயம் எழுவது இயல்பே. இறக்கையின் நீளம் 55 சென்டிமீட்டருக்கும் அகலம் 20 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது. ரப்பர் நீங்கலாக விமானத்தின் எடை 1.4 கிராமுக்குக் குறையலாகாது. முறுக்கி விசையூட்டும் ரப்பரோ 0.4 கிராமைத் தாண்டலாகாது. ஆறு முறை பறக்கவிட்டு, அவற்றுள் சிறந்த இரண்டின் நேரத்தைக் கூட்டி வெற்றியை நிர்ணயிக்கிறார்கள். எடையும் விசையும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றேயாகிவிட்ட இந்தக் களத்தில், ஒருவரை முன்னிறுத்தி மற்றவரைப் பின்தள்ளுவது விமானத்தைச் சீர்செய்யும் திறமையே. அத்திறமைக்கு உரைகல்லாக அமைவது, வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான்.

பந்தயம் நிகழும் இடம் ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கமாயினும், அமெரிக்காவின் வெஸ்ட் பேடனில் 1902-ல் எழுந்த சுமார் 60 மீட்டர் அகலமுள்ள குவிமாட மண்டபமாயினும், சுவர் என்பது சுவரே. ஆகவே விமானம் வட்டமிட்டுத்தான் உயர வேண்டும். பின்னிருந்து நோக்க வலமாகச் சுழலும் விசிறியின் எதிர்விசை விமானத்தை இடப்புறம் சாய்க்குமாதலால், வட்டமும் இடப்புறமாகவே வகுக்கப்படுகிறது. 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் உள்முனை நடுப்பகுதியைவிடச் சுமார் 5.5 விழுக்காடு மெதுவாகவும், வெளிமுனை அவ்வளவே விரைவாகவும் செல்லும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், முனைகளில் இவ்வேற்றுமை இருமடங்காகிறது. இந்தக் குறையையும் எதிர்விசையையும் ஈடுசெய்யவே இட இறக்கையைச் சற்று நீளமாக்கி, அதன் சாய்கோணத்தையும் மிகுத்துவைக்கிறார்கள்.

சுக்கானின் பரிமாணம் பற்றிய பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. மேல்நோக்கி வளைந்த இறக்கை தரும் நிமிர்த்தும் சக்திக்கு மிஞ்சிய சுக்கான், விமானம் சாயுந்தோறும் மூக்கை அத்திசையிலேயே இழுத்து, வட்டத்தைக் குறுக்கிச் சுருளாகக் கீழே வீழ்த்திவிடும்; மிகச் சிறிய சுக்கானோ மூக்கை அலையவிட்டு, காற்றைப் பக்கவாட்டில் கிழிக்கச் செய்து, அரிய சக்தியை விரயமாக்கும். சுக்கானுக்கும் இறக்கைக்கும் இடையேயுள்ள தூரத்தை 10 விழுக்காடு கூட்டினால், திருப்புவிசை குன்றாமலே அதன் பரப்பை ஏறக்குறைய 9 விழுக்காடு குறைக்கலாம். அலைவை அடக்கும் சக்தி தூரத்தின் வர்க்கத்தைச் சார்ந்ததாதலால், அதுவும் சற்றே மிகும். ஆயின் நீண்ட வால்தண்டு எளிதில் வளையும் என்ற பிரதிகூலத்தையும் உடன் எண்ணவேண்டும்.

மற்றொரு சூட்சுமமும் உண்டு. வட்டப்பாதையில் செல்லும் விமானத்தின் வாலைக் காற்று நேராகத் தீண்டுவதில்லை. சுக்கான் 40 சென்டிமீட்டர் பின்னால் நிற்பதாகக் கொண்டால், மேற்கூறிய வட்டத்தில் அக்காற்று ஏறத்தாழ 4½ பாகை சாய்ந்து வருகிறது. அச்சுக்கு நேராக ஒட்டிய சுக்கான், பெரிதாக இருக்க இருக்க, வட்டமிடுதலையே எதிர்க்கும் என்பது இதனால் விளங்கும். வால்தண்டை இடப்புறம் சற்றுத் திருப்பிப் பொருத்துவதன் காரணமும் இதுவே.

எனினும் வட்டமிடும் பொறுப்பு முழுவதையும் சுக்கானின் தலையில் சுமத்துவது விவேகமன்று. முழு முறுக்கோடு எழும் தொடக்கத்தில் எதிர்விசை ஓங்கி, இறுதியில் தேய்ந்துபோவதால், ஒரு நிலைக்குப் பொருந்திய சுக்கான் மறுநிலைக்குப் பொருந்தாது. கிடைவாலின் இடமுனையை உயர்த்திவைத்து அப்பொறுப்பில் ஒரு பங்கை அதற்கு அளித்து, சுக்கானின் திருப்பத்தைக் குறைத்துக்கொள்வதே அனுபவசாலிகளின் மார்க்கம். கால்பங்கு ரப்பரும் எஞ்சிய முக்கால்பங்கின் எடைக்கு ஈடான குச்சியும் கொண்டு சோதிப்போர், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி இந்தப் பங்கீட்டைக் கண்டறிகிறார்கள்.

பந்தயத்தைக் காண்போர் எழும் வேகத்தைக் கண்டு மயங்காது, முறுக்கு ஓய்ந்த கடைசி நிமிஷங்களை நோக்குவார்களாக. அப்பொழுதும் வட்டம் அகலாமலும் குறுகாமலும் இருக்குமானால், சுக்கானின் அளவு சரியே.