கொன்றையும் துறைக்குறிப்பும்

அகப்பாட்டு ஒன்றைக் கற்கப் புகும் மாணவன் முதற்கண் அறிவது பாட்டை அன்று. பாட்டின் புறத்தே நிற்கும் துறைக்குறிப்பையே ஆகும். 'இது தோழி கூற்று' என்பது உள்ளத்திற் பதிந்த பின்னரே அவன் கண் பாட்டின் முதலடியிற் செல்கின்றது. பின்னர் அவன் காண்பன யாவும் தோழியின் சொற்களே. அக்குறிப்பு நம் கண்ணுக்கு விளக்கோ, திரையோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்வாராய்ச்சிக்கு முல்லைப் பாடல்களே பெரிதும் ஏற்றன. காண்பது ஒன்றாக, அதனை இன்னதென்று கொள்ளும் மனம் வேறாக நிற்கும் நிலையே அவற்றுட் பலவற்றின் பொருளாதலின் என்க.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தலைவன் மீள்வதாகக் குறித்த பருவம் வருமுன்னரே கொன்றை பூத்துவிட்டது. காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார்மழையென எண்ணி மயங்கிய அம்மரம் பேதைமை உடைத்து என்பது அதன் பொருள். குறிப்பை ஒதுக்கிவிட்டுச் சொற்களை மட்டும் நோக்கின், இது மரம் ஏமாந்த செய்தியே. பருவம் தப்பிப் பெய்யும் மழையும், அதனால் முன்னரே பூக்கும் மரமும் உலகியலில் உள்ளனவே. செய்தி மெய்யாகவே இருத்தலும் கூடும். இனிக் குறிப்பைப் படிப்போம். பருவம் வந்தது கண்டு வருந்தும் தலைவியைத் தேற்றவேண்டித் தோழி 'பருவம் அன்று' என வற்புறுத்துகின்றாள் என்கின்றது அது. அவ்வளவில் மழை உண்மைக் கார்மழை ஆகிவிடுகின்றது. கொன்றை காலம் அறிந்து பூத்த மரம் ஆகின்றது. தோழியோ அன்பினாற் பொய் புனைபவள் ஆகின்றாள். பாட்டில் ஓரெழுத்தேனும் மாறவில்லை. மாறியது நம் காட்சியே.

தோழி செய்வதையும் சிறிது நோக்குதல் வேண்டும். அவள் பூவை மறைக்கவில்லை, மறைத்தல் இயலாது. தலைவியின் கண்முன் நிற்கும் பூவுக்கு வேறொரு காரணத்தைக் கற்பித்தாள். கண் கண்டதை மறுக்காமல், அதன் பொருளை மட்டும் மாற்றினாள். துறைக்குறிப்பு நமக்குச் செய்வதும் இதுவே அன்றோ?

ஓதலாந்தையாரின் பாட்டு (குறுந்தொகை 21) இன்னும் நுட்பமானது. காடு முழுதும் கொன்றை மலர்ந்து கார் வந்தது என்கின்றது. தலைவியோ அதனை ஏலாள், தலைவர் பொய் கூறார் ஆதலின். 'அவர் சொன்ன பருவத்தில் வருவார்; அவர் வந்திலர்; ஆகவே இது அப்பருவம் அன்று' என்பது அவள் துணிவு. நம்பிக்கை முன்னிற்பக் காட்சி பின்னிடுகின்றது. ஆனால் இவள் உண்மையில் மயங்கினாளோ? இல்லை என்பது குறிப்பு. தன்னை எவ்வாறு ஆற்றுவிப்பது எனத் தோழி உள்ளூரக் கவல்வதை உணர்ந்த தலைவி, அவள் கவலை நீங்கவே இவ்வாறு கூறினாள் என்கின்றது. குறிப்பின்றிப் படிப்பின் பேதைமையோ எள்ளலோ எனத் தோன்றும் சொற்கள், குறிப்பொடு படிப்பின் பெருந்தன்மை ஆகின்றன. இக்குறிப்பை எழுதினார் யாவராயினும், அவர் பாட்டின் சுவையறிந்த நுண்ணறிவினர் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் அஃது ஒருவர் கேட்ட குரல். பாடிய புலவரே எழுதினார் எனத் துணிதற்குச் சான்றில்லை.

முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கும் பகுதி யாவரும் அறிந்தது. முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, நற்சொல்லை எதிர்நோக்கி நிற்கின்றனர். அங்கே குளிரால் நடுங்கும் ஆயமகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, 'உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர்' என்கின்றாள். அச்சொல் கன்றுக்கு உரியது. கேட்ட பெண்டிர்க்கோ அஃது அரசன் வருகையை அறிவிக்கும் வாக்கு. எதிர்நோக்கி நின்ற செவி, தனக்கு வேண்டியதைக் கேட்டது. ஆயின் அவர்கள் மீண்டு வந்து தலைவியிடம் கூறியபோது நிகழ்ந்தது யாது? பலகால் எடுத்துக் காட்டியும் அவள் அதனைக் காணாது கண்ணீர் பெருக்கினாள். ஏற்கும் மனம் உள்வழியே குறிப்பு வேலை செய்யும் என்பதை நப்பூதனார் இவ்வொரு நிகழ்ச்சியில் வைத்துக் காட்டிவிட்டார்.

வியப்பு யாதெனின், இப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியரே இவ்வலையிற் சிக்கினார் என்பது. முல்லை எனப் பெயர் அமைந்தமையின் தலைவி கணவன் வருந்துணையும் ஆற்றியிருந்தாள் என்பதே புலவர் கருத்து. இரங்கினாள் எனக் கொள்ளின் நெய்தற்பாட்டு என்றே பெயரிட்டிருப்பர் என்பது அவர் வாதம். கண்முன் கண்ணீர் நிற்கின்றது. பெயரோ 'கண்ணீர் இராது' என்கின்றது. உரையாசிரியர் பெயரின் பக்கம் நின்றார். மாட்டு என்னும் முறையால் அடிகளைப் பிரித்தும் சேர்த்தும் பொருள் கொண்டார். 1903இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் இம்முறையை மறுத்து, பாட்டு நடந்த நெறியிலேயே பொருள் கண்டார். நச்சினார்க்கினியர் கல்வியிற் குறைந்தவர் அல்லர். நூலறிவு மிக்க கண்ணும் பெயரொன்றினால் மறைக்கப்படும் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று எமக்குத் தெரியவில்லை.

அங்ஙனமாயின் குறிப்புக்களை எல்லாம் நீக்கிவிட்டால் பாட்டு உள்ளவாறே தோன்றுமோ? தோன்றாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் புலவர் பெயரை நீக்கி 13 கவிதைகளை மாணவர்க்கு அளித்து, அவர்கள் எழுதிய கருத்துரைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். பெயர் நீங்கிய இடத்தில் மாணவர்தம் சொந்த முற்கோள்கள் புகுந்து அமர்ந்தன. முன்னரே வார்த்துவைத்த உணர்ச்சிகளைக் கவிதையின்மேல் ஏற்றிப் படித்தார் பலர். பெரும்புலவர் பாடல்களும் அவர்களிடம் தப்பவில்லை. வெறுங்கண் என்பது ஒன்றில்லை போலும்.

ஆதலின் குறிப்பை அழிக்குமாறு யாம் கூறவில்லை. அதனை இழப்பின் அகப்பாடல்கள் பல யார் யாரிடம் கூறின என்பதே விளங்காது நிற்கும். பாட்டை முதலிற் படித்து, ஐயங்களை ஐயங்களாகவே குறித்துக்கொண்டு, அதன்பின் குறிப்பை ஒரு பழைய வாசகரின் கருத்தாகக் கேட்டல் வேண்டும் என்பதே எம் கொள்கை. தேர்வு விடைத்தாள்களில் குறிப்பின் சொற்களே பாட்டின் சொற்களாக மீண்டும் மீண்டும் எழுதப்படுவதைக் கண்டு சலித்தோர் இதன் இன்றியமையாமையை உணர்வர்.

யாமும் பல்லாண்டு குறிப்பை முன்னர்க் கூறிப் பாட்டைப் பின்னர்ப் பயிற்றியவரே. 66ஆம் பாட்டை அவ்வாறு நடத்திய ஒருநாள் முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, 'அம்மழை உண்மையான கார்மழை என்பது பாட்டில் எவ்வடியில் உள்ளது?' என வினவினாள். பாட்டை இருமுறை படித்துப் பார்த்தோம். அவ்வடி அங்கில்லை.