காமத்துப்பாலும் கிறித்துவ மறுசிந்தனையும்

வேளச்சேரியினின்று மேடவாக்கம் வழியாகச் செல்லும் சாலை கிழக்குத் தாம்பரத்தை அடைகின்றது. அங்குள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1938 டிசம்பரில் அனைத்துலக மிஷனரிப் பேரவை கூடிற்று. பிற சமயங்களுக்கும் நற்செய்திக்கும் தொடர்ச்சி உண்டோ என்பது அங்கெழுந்த பெருவினா. இல்லையென வாதிட்டார் ஒல்லாந்தராகிய கிரேமர். செஞ்சையா, சக்கரை முதலிய இந்நாட்டறிஞரோ, இந்தியாவில் கிறித்துவத்தை மறுசிந்தனை செய்தல் எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை அவ்வாண்டே சென்னையில் வெளியிட்டனர். அவ்வினாவை ஆண்பெண் காதல் பற்றிய போதனைமேல் வைத்து நோக்கத் தமிழில் தக்க சான்று ஒன்றுண்டு. திருக்குறளின் மூன்றாம் பால் கிறித்துவ மொழிபெயர்ப்பாளர் கையில் அடைந்த வரலாறே அது. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வீரமாமுனிவர் 1730இல் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் கொண்டு இன்பத்தை விடுத்தார். துறவியாதலின் விடுத்தார் என எளிதிற் கூறிவிடலாம். அவர் தேம்பாவணியிற் பாடிய சூசையப்பர் இல்லறமும் கன்னிமை நோன்போடு கூடியதே. ஆயினும் இவ்விளக்கம் முற்றும் பொருந்துவதன்று. குருமார்க்குத் துறவை விதியாக்காத சீர்திருத்தச் சபையைச் சார்ந்த துரூ பாதிரியாரும் அப்பாலைத் தூய உள்ளத்தாரும் தீங்கின்றிப் படித்தற்கியலாது என்றே கருதினார். ஆகவே காரணம் துறவாடையில் இல்லை. காமம் என்னும் சொல்லை அவர்கள் கேட்ட முறையில் உள்ளது.

வள்ளுவர் மெய்யுணர்தல் அதிகாரத்தில் காமத்தை வெகுளி மயக்கங்களோடு சேர்த்துக் கெடவேண்டிய குற்றமாக எண்ணுகின்றார். அச்சொல்லையே பின்னர் 250 குறட்பாக்களுக்குப் பொருளாகவும் அமைக்கின்றார். இது முரணன்று. பற்றினை வளர்க்கும் அவா வேறு. இருவர் ஒருவர்க்கொருவர் உரியராகும் அன்பு வேறு. மூன்றாம் பாலின் 25 அதிகாரங்களுள் களவியல் 7, கற்பியலோ 18. பிரிவும் காத்திருத்தலும் ஊடலுமே அங்குப் பெரும்பகுதி. இதனைப் படித்தறியாமலே அஞ்சினர் பலர் எனத் தோன்றுகின்றது.

அவ்வச்சம் விவிலியத்தினின்று நேரே பிறந்ததா? ஆதியாகமத்தில் மனிதன் தனித்திருத்தல் நன்றன்று என்னும் கூற்றும், இருவர் ஓருடலாதலும் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளன. பாவம் புகுவது மூன்றாம் அதிகாரத்தில். இணைவிழைச்சைப் பிறவிப் பாவத்தோடு இறுகப் பிணைத்தவர் அகுஸ்தீன் (354–430). சாலொமோன் பெயரால் வழங்கும் காதற்பாட்டைத் திருநூலினின்று நீக்க இயலாமையின், அதனை இறைவனுக்கும் சபைக்கும் உரிய உருவகமெனக் கொண்டனர் ஒரிஜன் வழிவந்தோர். நம்மவரும் திருக்கோவையாருக்கு அவ்வாறே பேரின்பப் பொருள் உரைத்தனர். உருவகம் நூலைக் காத்தது. உடலைக் காக்கவில்லை என்பதே நம் கருத்து. திருச்சபையில் வளரும் இளைஞர்க்கு உடலைக் குறித்து நாணமொன்றையே கற்பிப்பார், விவிலியத்தின் அவ்விரண்டாம் அதிகாரத்திற்கு என்ன விடை கூறுவர்?

மாற்றமும் கிறித்துவரிடையேதான் தோன்றியது. லூத்தரன் சபையினரான கிரவுல் 1856இல் மூன்றாம் பாலையும் செருமானியத்தில் தந்தார். துரூ விடுத்த 64ஆம் அதிகாரம் முதல் இறுதிவரை 1885இல் ஆங்கில உரைநடையில் பெயர்த்தவர் இந்நாட்டுப் பாதிரியார் ஜான் லாசரசு; இவர் புகழ் மறுஆண்டு வந்த போப்பின் செய்யுட்பெயர்ப்பால் மறைந்தது முறையன்று. போப்போ, தம் முற்சாய்வு பலகாலம் அப்பாலைப் படிக்கவொட்டாது தடுத்ததென ஒளியாது எழுதினார். வள்ளுவரின் உள்ளத் தூய்மையை ஏனைய குறள்களால் தெளிந்தபின்னரே அதனுட் புகுந்தார். அஃதாவது, ஒரு பாதிரியார் தம் போதனையைத் தமிழ்நூலொன்றின் முன் வைத்துத் திருத்திக்கொண்டார். கிரேமர் மறுத்த தொடர்ச்சிக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பழைய மொழிபெயர்ப்பில் உன்னதப்பாட்டு எனப்பட்ட காதற்பாட்டு, கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் இனிமைமிகு பாடல் எனப் பெயர் பெற்றது. அதில் கூற்றுகள் தலைவி, தலைவன் என்னும் அகத்திணைப் பெயர்களாலேயே வகுக்கப்பட்டுள்ளன.