குதிரைமேல் ஒரு ஞானி

ரோமாபுரியின் காப்பிடோலியக் குன்றிலுள்ள பொருட்காட்சிச் சாலையில், ஏறக்குறைய 14 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் வெண்கலக் குதிரைவீரனின் முன்னே போய் நிற்பவர், ஆட்சியின் பிற்பகுதியில் பெரும்பாலான நாட்களை டான்யூப் நதிக்கரைப் பாசறைகளிலேயே கழித்த மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் பிரதிமையில் வாளுமில்லை, கேடயமுமில்லை, மார்புக் கவசமுமில்லை என்பதைக் கண்டு வியக்காமலிருக்க முடியாது.

இருப்பதெல்லாம் நீட்டிய வலக்கை ஒன்றுதான். அது சேனையை நோக்கிப் பேசத் தொடங்குபவரின் கையா, தோற்றவனுக்கு அபயமளிக்கும் கையா என்று பண்டிதர்கள் வாதிப்பார்கள். தூக்கிய குளம்பின் கீழே கட்டுண்ட பகைவனொருவன் கிடந்ததாக இடைக்காலத்துக் குறிப்புகள் சொல்வதை ஏற்றால், அபயம் என்பதே பொருந்தும். அந்தப் பகைவன் இன்று அங்கே இல்லை. ரசிகனுக்கு அது நஷ்டமென்று நான் கருதவில்லை. யாருக்கென்று தெரியாமல் நீண்டிருப்பதனாலேயே அந்தக் கை எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது.

பெயர் தெரியாத அந்தச் சிற்பியின் சாமர்த்தியம் முழுவதும் குதிரையில் இருக்கிறது. மெழுகு வார்ப்பு முறையில் உள்ளீடற்ற பகுதிகளாக வார்த்து, இணைத்து, பொன்பூசிய அந்த உருவத்தில், நாசி விரிய, வாய் திறக்க, வலது முன்கால் மேலெழ, பிராணி முழுவதும் வேகமாகத் துடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் அங்கவடியின்றி அமர்ந்தவரின் முகத்திலோ களைப்பு கலந்த சாந்தமொன்றே நிலவுகிறது. குதிரைக்கு அவர் சற்றுப் பெரியவராகத் தோன்றுவது குறைதான். ஆனால் அவர் பின்பற்றிய ஸ்டோயிக் தத்துவம் போதித்த புலனடக்கத்தை இதைவிடத் தெளிவாக உலோகத்தில் சொல்லிவிட முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

கி.பி. 161 முதல் 180 வரை அரசாண்டு, கொள்ளைநோயையும் எல்லைப் போர்களையும் ஒருங்கே சுமந்து, புகழின் நிலையாமையைக் கிரேக்க மொழியில் தமக்குத் தாமே எழுதிவைத்துக்கொண்ட அந்த மனிதரின் சிலை, ரோமாபுரியின் மற்ற வெண்கலங்கள் உருக்கப்பட்ட காலத்திலும் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், ஜனங்கள் அதைக் கிறிஸ்தவச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் என்று எண்ணியதுதான். மார்க்கஸ் அரேலியஸே இதைக் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார். 1538-இல் லாட்டரன் அரண்மனைப் பக்கத்திலிருந்து குன்றின்மேல் கொண்டுவரப்பட்டபோது, அதற்குப் பீடம் அமைத்தவர் மைக்கலாஞ்சலோ.

1981-இல் செப்பனிடுவதற்காகக் கீழே இறக்கப்பட்ட மூலச்சிலை மீண்டும் வெளியே வைக்கப்படவில்லை. சதுக்கத்தில் நிற்பது பிரதி. குன்றேறுகிறவர்கள் அதோடு திருப்தியடைந்துவிடாமல், உள்ளே சென்று, இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொன்பூச்சின் திட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும்.