மத்தவிலாசப் பிரகசனம்: விட்டு வெளியேற முடியாதவர்கள்

மத்தவிலாசப் பிரகசனம், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சமஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம். காஞ்சிபுரத் தெருக்களில் நடக்கிறது. மாமண்டூர்க் கல்வெட்டில் இதன் பெயர் உள்ளது. 1917-ல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் இதைப் பதிப்பித்தார்.

கதைச்சுருக்கம்

காபாலிகன் சத்தியசோமன் துணைவி தேவசோமையுடன் மதுக்கடைக்கு வருகிறான். பிச்சை ஏற்கும் மண்டையோடு காணாமல் போனது அங்கேதான் தெரிகிறது. வழியில் வந்த புத்த பிக்கு நாகசேனன்மீது திருட்டுப்பழி விழுகிறது. பாசுபதன் ஒருவன் வழக்கைத் தீர்க்க முயல்கிறான். இறுதியில், நாயிடமிருந்து அதைப் பறித்த பித்தன் ஒருவனிடம் மண்டையோடு கிடைக்கிறது.

மதிப்பீடு

இந்நாடகம் பொதுவாகச் சமயப் போலித்தனத்தைக் கேலி செய்யும் படைப்பாகவே வாசிக்கப்படுகிறது. ஒரு சமயக் குழுவின் பிடி மனத்தில் எப்படி இறுகுகிறது என்பதையும் அது காட்டுகிறது. போதையில் துணைவியின் பெயரை மாற்றிச் சொல்லிவிடும் சத்தியசோமன், இனிக் குடிப்பதில்லை என்கிறான். தனக்காக விரதத்தை முறிக்க வேண்டாம் என்று அவன் காலில் விழுந்து தடுப்பவள் தேவசோமைதான். மண்டையோடு போனதும், காபாலிகன் என்ற பெயரே போய்விட்டதாக அவன் கலங்குகிறான். நாகசேனனோ மதுவையும் பெண்ணையும் புத்தர் விலக்கியிருக்க மாட்டார் என்று எண்ணி, அவற்றை அனுமதிக்கும் மூலநூலைத் தேட விரும்புகிறான். ஐயம் வந்தும் காவியைக் களையும் எண்ணம் அவனுக்கு வரவில்லை.

ஆசிரியரோ சமயம் மாறியவர். அவர் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவர் என்பது மரபு. வேற்று நெறியிலிருந்து திரும்பியதைத் திருச்சி மலைக்கோட்டைக் கல்வெட்டு குறிப்பிடுவதாக ஆய்வாளர்கள் கொள்கின்றனர். ஆனால் அரசன் மாறினால் அரியணை அப்படியே இருக்கும். பிச்சைப் பாத்திரமே அடையாளமாக உள்ளவனுக்கு வெளியே என்ன இருக்கிறது? நாடகம் இக்கேள்வியை எழுப்புவதில்லை. தொடக்கத்தில் அரசனின் குணங்கள் புகழப்படுகின்றன. சிரிப்பு அவனைத் தொடுவதில்லை. இதுவே இதன் குறை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட படைப்புகளில் ஒன்று ஷான் டர்கின் இயக்கிய ‘மார்த்தா மார்சி மே மார்லின்’ (2011) என்ற அமெரிக்கத் திரைப்படம். குழுவிலிருந்து தப்பி அக்காள் வீட்டுக்கு வந்த பின்னும், குழுத்தலைவன் சூட்டிய பெயரும் அங்கே படிந்த அச்சமும் நாயகியை விடுவதில்லை. மத்தவிலாசத்தில் மண்டையோடு திரும்பக் கிடைத்ததும் எல்லோரும் மகிழ்கிறார்கள். படத்தைப் பார்த்தபின் அந்த முடிவை வாசித்தால், சத்தியசோமன் மீண்டும் அகப்பட்டுக்கொண்டதாகவே தோன்றும்.