இணைத்த படமும் மறைந்த உண்மையும்

குடும்பப் படத்தொகுப்பு முழு வரலாறு அன்று. குடும்பம் பிறர்க்குக் காட்ட விழைந்த முகமே அது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழர் இல்லங்களின் தொகுப்புகளிலும் மணமேடைக் காட்சிகளுக்கே முதலிடம். மணவாழ்வுக்கு அப்பால் அன்பு கொண்டோர் ஓரத்தில் நிற்பர், அன்றேல் இடம்பெறார்.

இவ்விடைவெளியைக் கலைப்பொருளாக்கியவர் விவான் சுந்தரம் (1943–2023). தமிழ்க்குடியில் தோன்றிய கே.வி.கே. சுந்தரத்தின் மைந்தர் அவர். ஓவியர் அமிர்தா ஷெர்கில் (1913–1941) அவர்தம் தாயின் தமக்கை. அமிர்தா ஆடவர்பால் மட்டுமன்றிப் பெண்டிர்பாலும் ஈர்ப்புற்றவர் என்பர் வாழ்க்கை வரலாற்றாசிரியர். பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்த நிழற்படங்களைக் கணினியில் இணைத்து, 2001–02இல் 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்னும் படவரிசையைச் சுந்தரம் படைத்தார். வெவ்வேறு காலத்து உருவங்கள் அங்கே ஒரே சட்டகத்துள் சந்திக்கின்றன. பழைய படத்தில் புலப்படாத வேட்கையும் தனிமையும் வெளிப்படுகின்றன.

இது பொய்யன்றோ எனின், அன்று. மீண்டும் எடுத்த படம் என்பதைத் தலைப்பே உணர்த்துகிறது. எனினும் குறை ஒன்றுண்டு. இணைப்பின் தடம் தெரியாவண்ணம் படங்கள் மெருகேற்றப்பட்டுள்ளன. மாண்டோர் மறுத்துரைக்க இயலாராதலின், கலைஞன் தன் கைத்தடத்தை மறைத்தல் தகாது.

ஆயினும் இப்படைப்பு கற்பிக்கும் பாடம் பெரிது. வீட்டுப் படத்தொகுப்பைப் புரட்டும் மாணாக்கர், 'இவர் யார்?' என்பதோடு, 'இங்கு இல்லாதவர் யார்?' எனவும் வினவுதல் வேண்டும்.