நிழலில் ஒரு முகம்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், ஏறத்தாழ 1628-இல், 22 வயதளவில் தீட்டிய தன்னுருவ ஓவியம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒளி கன்னத்திலும் கழுத்திலும் விழுகிறது. கண்களோ இருளில் மறைந்துள்ளன. ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் கீறிச் சுருள்முடியை வரைந்துள்ளார். வரைந்து வரைந்தே தம்மை அறிய முற்பட்ட இளைஞரின் முகம் இது. 1661-இல் திருத்தூதர் பவுலின் கோலத்தில் தம்மைத் தீட்டினார். அங்கே கண்கள் நம்மை நேரே நோக்குகின்றன. இடையே 33 ஆண்டுகள்!

இளையோரிடம் ஆன்ம சோதனையை எதிர்பார்க்கும் நாம், அவர்கள் கையில் தூரிகையைத் தரத் தயங்குகிறோம். தந்தாலும் விழாமேடைப் பரிசையே கேட்கிறோம். பாடகர் குழுவில் தன் குரல் பிசகுவதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் சிறுமியும் தன்னை அறியத் தொடங்கிவிட்டாள். தெரியாத கண்களைத் தெரிந்தாற்போல் தீட்டாத நேர்மையே அம்முதற்படத்தின் அழகு. அந்நேர்மைக்குரிய காலத்தை நம் இளையோர்க்கும் அளிப்போமா?